மோட்டார் கொட்டகையில் ரேடியோ ஏன் கரகரக்கிறது?

பேரளம் பக்கம் ஒரு விவசாயிக்கு, ஃபில்டர் பாயிண்ட் மோட்டாரை வீட்டிலிருந்தபடியே போனில் போடவும் நிறுத்தவும் ஒரு சின்ன கன்ட்ரோல் போர்டு செய்து கொடுத்திருந்தேன். வயலில் நிற்கும் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க ஒரு சென்சார், அதிலிருந்து கொட்டகை வரை நாலு மீட்டர் ஒயர், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று குறித்து வைக்க ஒரு மெமரி சிப். அவ்வளவுதான். பத்தாம் நாள் போன் வந்தது. "தம்பி, மோட்டாரெல்லாம் நல்லா ஓடுது. ஆனா ஒங்க பெட்டிய மாட்டுனதுலேருந்து காரைக்கால் எஃப்எம் கேக்க முடியல. கர்ருங்குது."

போய்ப் பார்த்தேன். ரேடியோ வழக்கம்போல ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சத்தம் தொடர்ந்து வரவில்லை. கர்ர் என்று ஒரு தடவை, கொஞ்சம் அமைதி, மறுபடி கர்ர். கடிகாரத்தை வைத்து எண்ணினால் சரியாக இரண்டு விநாடிக்கு ஒரு முறை. என் போர்டும் இரண்டு விநாடிக்கு ஒரு முறைதான் மெமரி சிப்பில் எழுதும். சென்சார் ஒயரின் கனெக்டரைப் பிடுங்கினேன். இரைச்சல் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. செருகினால் திரும்ப வந்தது.

இந்த இரண்டு தடயங்களுக்குள் மின்காந்த இடையூறு (ஒரு கருவியின் மின் இரைச்சல் இன்னொரு கருவியைக் கெடுப்பது) என்ற பெரிய விஷயம் முழுக்க அடங்கியிருக்கிறது. இரைச்சல் பிறக்கும் இடம் ஒன்று, அது காற்றில் ஏறும் இடம் வேறு. என் போர்டில் மெமரி சிப்பின் கிளாக் ட்ராக்கில் (சிப்புக்குத் தாளம் போடும் துடிப்பு ஓடும் செம்புக் கோட்டில்) பிறந்து, நாலு மீட்டர் தள்ளிப் போகும் சென்சார் ஒயரிலிருந்து கிளம்பியிருக்கிறது. சென்சாருக்கும் மெமரிக்கும் சர்க்யூட்டில் ஒரு சம்பந்தமும் கிடையாது. பிறகு எப்படி?

முதலில் கிளாக்கைப் பார்ப்போம். மெமரிக்குப் போகும் கிளாக் 20 மெகாஹெர்ட்ஸ். காரைக்கால் வானொலி 100.3 மெகாஹெர்ட்ஸ். இருபது எங்கே, நூறு எங்கே என்று தோன்றும். ஆனால் டிஜிட்டல் கிளாக் சதுர அலை. அதற்குள் 20 மட்டும் இருப்பதில்லை. 60, 100, 140 என்று ஒற்றைப்படை மடங்குகள் வரிசையாக இருக்கும். ஐந்தாவது மடங்கு 100. மெமரியில் எழுதும்போது மட்டும் கிளாக் விட்டு விட்டு ஓடுவதால் அந்த ஆற்றல் 100-ஐச் சுற்றி இரண்டு பக்கமும் கசிந்து பரவுகிறது. 100.3-இல் உட்கார்ந்திருக்கும் ரேடியோ அதைத்தான் கேட்டிருக்கிறது.

இந்த மடங்குகள் எதுவரை பலமாக நீளும் என்பதைத் தீர்மானிப்பது கிளாக் வேகம் இல்லை; அலை எவ்வளவு செங்குத்தாக ஏறி இறங்குகிறது என்பதுதான். பலர் கோட்டை விடும் இடம் இது. தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். வலந்தலையில் வெறும் விரலால் தட்டினாலும், கூடு மாட்டிய விரலால் தட்டினாலும் தாளம் ஒன்றுதான், காலப்பிரமாணம் ஒன்றுதான். ஆனால் கூடு மாட்டிய விரலின் அடி தெருமுனை வரை கணீரென்று கேட்கும். அடி விழும் கூர்மையில்தான் மேல் ஸ்வரங்கள் பிறக்கின்றன. சிக்னலும் அப்படியே. ஏறும் நேரம் ஒரு நானோவிநாடி என்றால், சுமார் 318 மெகாஹெர்ட்ஸ் வரை ஆற்றல் தாராளமாக இருக்கும். அதற்கு மேல்தான் வேகமாகச் சரியும். ஏறும் நேரத்தை பை (π, சுமார் 3.14) என்ற எண்ணால் பெருக்கி, ஒன்றை அதால் வகுத்தால் வரும் கணக்கு இது. கிளாக் 1 மெகாஹெர்ட்ஸாக இருந்தாலும் எல்லை அதே 318தான்.

ஆகவே "என் சர்க்யூட் மெதுவாகத்தான் ஓடுகிறது, எனக்கு இந்தப் பிரச்சினை வராது" என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. இன்றைய சிப்புகள் எல்லாமே கூர்மையாகத்தான் அடிக்கின்றன. பழைய டிசைனில் ஒரு ஐசியை அதே எண்ணுள்ள புது ஐசியால் மாற்றியதும் ரேடியோ கரகரக்கத் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

இனி அடுத்த கேள்வி. ட்ராக்கில் ஓடும் மின்னோட்டம் எப்படி ஆன்டெனாவாகிறது? இங்கே எனக்கு வயல்தான் துணைக்கு வருகிறது. டெல்டாவில் வாய்க்காலைப் பற்றி மட்டும் பேசுகிறவரை யாரும் விவசாயி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வடிகால் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிவதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் ஐப்பசி மழையில் சம்பாவைக் காப்பாற்றுவது வடிகால். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் தனக்குத் தோன்றிய வழியில் போகும். அடுத்தவன் வயலுக்குள் புகும்.

சர்க்யூட் வரைகிறவர்களில் பெரும்பாலோர் வாய்க்கால் மட்டுமே வரைகிறார்கள். போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து மெமரிக்கு ஒரு கோடு இழுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் போன மின்னோட்டம் அத்தனையும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். (உவமை இந்த இடத்தில் கொஞ்சம் மாறும். வடிகால் தண்ணீர் கடலுக்குப் போகிறது, மேட்டூருக்குத் திரும்புவதில்லை. மின்னோட்டத்துக்குக் கடல் கிடையாது.) திரும்பும் பாதையை கிரவுண்ட் என்று சொல்லிவிட்டு, முக்கோணமாக ஒரு குறி போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தக் குறிக்குள் எல்லாம் மாயமாய் மறைந்துவிடுவதுபோல ஒரு பிரமை.

போன பாதைக்கும் திரும்பும் பாதைக்கும் நடுவே கிடக்கும் பரப்புதான் ஆன்டெனா. பரப்பு இரட்டித்தால் கதிர்வீச்சு இரட்டிக்கும். அதிர்வெண் இரட்டித்தால் கதிர்வீச்சு நாலு மடங்காகும். சாதாரண 1.6 மில்லிமீட்டர் போர்டில், அடியில் கிரவுண்டாக முழு செம்புத் தகடு இருந்து, மேலே 10 சென்டிமீட்டர் ட்ராக் ஓடினால் பரப்பு 1.6 சதுர சென்டிமீட்டர். தகடு இல்லாமல் திரும்பும் ட்ராக் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி ஓடினால் 20 சதுர சென்டிமீட்டர். செம்பு நாலு அடுக்காக இருக்கும் நாலு லேயர் போர்டில் ட்ராக்குக்கும் தகட்டுக்கும் இடைவெளி 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும், பரப்பு 0.2 சதுர சென்டிமீட்டர். இருபதிலிருந்து 0.2-க்கு, நூறில் ஒரு பங்கு. இதற்காக ஒரு புது பாகமும் வாங்க வேண்டியதில்லை.

முழுத் தகடு இருக்கும்போது திரும்பும் மின்னோட்டம் தானாகவே நல்ல வழியைத் தேர்ந்தெடுக்கும். அதிர்வெண் மிகக் குறைவாக இருந்தால் தகடு முழுவதும் பரவி, மின்தடை குறைந்த குறுக்கு வழியில் போகும். மெகாஹெர்ட்ஸ் கணக்கில் வந்துவிட்டால், மேலே ட்ராக் எப்படி வளைந்து போகிறதோ அப்படியே அதன் நிழலைப்போல நேர் கீழே ஓடித் திரும்பும். இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் வேகமாக மாறுவதை எதிர்க்கும் குணம்) குறைந்த பாதை அதுதான். நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த நிழல் ஓடும் வழியை வெட்டாமல் இருப்பது.

நான் வெட்டியிருந்தேன். சென்சார் பக்கத்துக்கு ஒரு கிரவுண்ட், டிஜிட்டல் பக்கத்துக்கு ஒரு கிரவுண்ட் என்று தகட்டை இரண்டாகப் பிரித்து, ஓரத்தில் மட்டும் சேர்த்திருந்தேன். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இன்னும் பல இடங்களில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். இடம் போதாமல் மெமரி சிப் வெட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பச்சைப் போர்டில் நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடு. அதன் நட்டநடுவில் பாலமே இல்லாமல் தாண்டிப் போகிறது கிளாக் ட்ராக். மேலே ட்ராக் நேராகப் போகிறது. கீழே நிழல் வெட்டுக்கு வந்ததும் திகைத்து, ஓரம் வரை சுற்றிக்கொண்டு திரும்புகிறது.

இதனால் பரப்பு பெருகுவது ஒரு கெடுதல். அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. மின்னோட்டம் சுற்றிப் போக நேரும்போது வெட்டின் இரண்டு கரைக்கும் நடுவே ஒரு மின்னழுத்தம் எழும்புகிறது. இந்தக் கரை கிரவுண்டும் அந்தக் கரை கிரவுண்டும் ஒன்றுக்கொன்று எதிராக ஆடத் தொடங்கும். அந்தக் கரையில் என்ன கட்டியிருக்கிறது? சென்சார் ஒயர். கிரவுண்ட் ஆடினால் அதில் கட்டிய ஒயர் முழுவதும், எல்லாக் கம்பிகளும் சேர்ந்து ஒரே திசையில் ஆடும். வானொலி நிலையம் தன் கோபுரத்தை ஆட்டுவதும் இப்படித்தான். 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் மூன்று மீட்டர். முக்கால் மீட்டர் ஒயரே அருமையான ஆன்டெனா. நான் கொடுத்ததோ நாலு மீட்டர்.

காமன் மோடு என்று சொல்லும் இந்த ஓட்டம் எவ்வளவு ஆபத்தானது என்பதை எண்களில் பார்த்தால்தான் உறைக்கும். வீட்டு உபயோகப் பொருள்களுக்கு அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி வைத்திருக்கும் எல்லை, 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை, மூன்று மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட். 50 மெகாஹெர்ட்ஸில் ஒரு சதுர சென்டிமீட்டர் வளையம் இந்த எல்லையைத் தொட அதில் சுமார் 45 மில்லிஆம்பியர் ஓட வேண்டும். அதே அதிர்வெண்ணில் ஒரு மீட்டர் ஒயர் எல்லையைத் தொட அதில் 5 மைக்ரோஆம்பியர் ஓடினால் போதும். கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் மடங்கு வித்தியாசம். போர்டில் எங்கோ ஒரு மூலையில் ஒழுகும் ஐந்து மைக்ரோஆம்பியரை அலைக்காட்டியில் தேடினாலும் கண்ணில் படாது. ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோவுக்குத் தெரியும்.

கொட்டகையிலேயே ஒரு பரிசோதனை செய்தேன். செம்பு டேப்பில் ஒரு துண்டு வெட்டி, கிளாக் ட்ராக் தாண்டும் இடத்துக்கு நேர் பின்னால் பச்சைப் பூச்சைச் சுரண்டிவிட்டு, இரண்டு கரையையும் சேர்த்து சால்டர் வைத்தேன். இரண்டு சென்டிமீட்டர் செம்பு. சென்சார் ஒயரைச் செருகி போர்டை ஓடவிட்டால், பாட்டு கேட்டது. காதை ரேடியோவில் வைத்தால் மட்டும் அடியில் லேசாக ஒரு டிக், டிக். "இம்புட்டுதானா தம்பி?" என்று கேட்டார். இவ்வளவுதான் ஐயா என்றேன். அந்த ஒரு துண்டு செம்பை வைக்க வேண்டிய இடம் எது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அதற்குள் பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் தன் வைத்தியத்தைச் சொல்லியிருந்தார். "எர்த் பத்தல சார். கரியும் உப்பும் போட்டு புதுசா ஒரு குழி போட்டா எல்லாம் சரியாயிடும்." அவரைக் குறை சொல்ல முடியாது. மோட்டார் பாடியில் ஷாக் அடிக்காமல் இருக்க அந்தக் குழிதான் உயிர்க்காப்பு. அதில் சமரசமே கூடாது. ஆனால் இந்த இரைச்சலுக்கு அது மருந்தில்லை. மூன்று மீட்டர் எர்த் ஒயரின் இண்டக்டன்ஸ், மீட்டருக்கு ஒரு மைக்ரோஹென்றி என்று வைத்தால், மூன்று மைக்ரோஹென்றி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒன்றுமே இல்லை. 100 மெகாஹெர்ட்ஸுக்கு அதே ஒயர் சுமார் 1,900 ஓம். மூடிய மதகு மாதிரி. இரைச்சல் மண்ணுக்குப் போக விரும்பவில்லை. தான் புறப்பட்ட சிப்புக்குத் திரும்பத்தான் விரும்புகிறது. பக்கத்திலேயே வழி விட்டால் சத்தமில்லாமல் போய்விடும்.

இதே கதையின் இன்னொரு பக்கம் மின்சப்ளை. மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நாள் போல ஆகும். கடைமடைக்கு இன்னும் பல நாள். நாற்றங்காலுக்கு இன்றைக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, பக்கத்துக் குளத்திலிருந்துதான் இறைக்க வேண்டும். சிப்பும் ஒவ்வொரு கிளாக்கிலும் ஒரு மடக்கு மின்னோட்டத்தை அந்தக் கணமே கேட்கிறது. மின்னழுத்தத்தைச் சீராக வைத்துத் தரும் ரெகுலேட்டர் போர்டின் மறுகோடியில் இருக்கிறது. அதனால்தான் சிப்பின் காலடியில் 100 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் வைக்கிறோம். காலடியில் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். ட்ராக் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நானோஹென்றி. பத்து மில்லிமீட்டர் தள்ளி வைத்தால், ஒரு நானோவிநாடியில் 100 மில்லிஆம்பியர் கேட்கும் சிப்புக்கு நடுவழியில் ஒரு வோல்ட் காணாமல் போகும். 3.3 வோல்ட் சப்ளையில் ஒரு வோல்ட். கெபாசிட்டரைப் போட்டேனே என்று சொல்கிறவர்களின் போர்டைப் பார்த்தால், எல்லாக் கெபாசிட்டரும் அழகாக ஒரு ஓரத்தில் வரிசை கட்டி நிற்கும். ஊருக்கு வெளியே வெட்டிய குளம்.

இவையெல்லாம் வயல் போர்டுக்கு மட்டும் உள்ள தொல்லை என்று நினைக்க வேண்டாம். கும்பகோணத்தில் கல்யாண ஆல்பம் போடும் நண்பர் ஒருவர், ஹார்ட் டிஸ்க் மாட்டினாலே ஒயர்லெஸ் மவுஸ் தத்தித் தத்தி ஓடுகிறது என்று வைரஸ் தேடிக்கொண்டிருந்தார். யுஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது; அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை அகலமாக மூடிக்கொள்ளும். மவுஸ், புளூடூத், வைஃபை எல்லாம் குடியிருப்பது அங்கேதான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. மவுஸின் ரிசீவரை ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரில் அரை மீட்டர் தள்ளி வைக்கச் சொன்னேன், பிரச்சினை தீர்ந்தது.

அந்த யுஎஸ்பியில் டேட்டா இரண்டு கம்பிகளில் எதிரெதிராக ஓடுகிறது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்; இரண்டின் புலங்களும் ஒன்றையொன்று அழிக்கும். ஆனால் ஒரு கம்பி மற்றதைவிடச் சற்று நீளமாகிவிட்டாலும் இரண்டும் ஒரே நேரத்தில் சந்திக்காது. அழியாத மிச்சம் காமன் மோடாக மாறும். போர்டில் சிக்னல் நானோவிநாடிக்கு சுமார் 15 சென்டிமீட்டர் ஓடும் என்பதால், ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் பத்து பிகோவிநாடி. 5 கிகாபிட்டில் ஒரு பிட்டே 200 பிகோவிநாடிதான். வேகமான போர்டுகளில் ட்ராக்குகள் பாம்புபோல நெளிந்து நெளிந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீளத்தைச் சமன் செய்யத்தான் அது.

சரி, தடுப்பதற்கு என்ன வழி? என் வரிசை இது. முதலில் திரும்பும் பாதையைக் கவனிப்பது. அடுத்து அடியின் கூர்மையைக் குறைப்பது: சிக்னல் புறப்படும் காலுக்கு ஒட்டி 22 அல்லது 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டாலே மூலை மழுங்கிவிடும். எஸ்டிஎம்32 போன்ற மைக்ரோகன்ட்ரோலர்களில் காலின் வேகத்தை மென்பொருளிலேயே குறைக்கலாம். காசு செலவில்லாத இந்த வசதியை அதிகபட்சத்தில் வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் ஏராளம். ஒயரில் மாட்டும் ஃபெரைட் என்ற காந்தப் பொருள் வளையம் மூன்றாவது. நல்ல பொருள்தான், லேப்டாப் சார்ஜர் ஒயரில் குமிழாக இருப்பது அதுதான். ஒயரை அதற்குள் இரண்டு சுற்று சுற்றினால் தடுப்பு சுமார் நாலு மடங்காகும். ஆனால் அது ஒழுகலுக்கு வைக்கும் மண்மூட்டை. கரை உடைந்த இடம் அப்படியேதான் இருக்கும்.

போர்டை மூடும் உலோக ஷீல்டு பெட்டியைக் கடைசியாகத்தான் வைப்பேன். பெட்டியில் ஓட்டை எவ்வளவு பெரிது என்பதைவிட எவ்வளவு நீளம் என்பதுதான் முக்கியம். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள மூடி இடுக்கு, முடி நுழையாத அளவு மெல்லியதாக இருந்தாலும், 1 கிகாஹெர்ட்ஸில் தானே ஆன்டெனாவாகும். அதே காற்றோட்டத்துக்குச் சல்லடையாக நூறு பொட்டு ஓட்டை போட்டால் ஒன்றும் ஆகாது. மைக்ரோவேவ் அடுப்பின் கதவு வலை அப்படிப்பட்டதுதான்.

இன்னொரு வழியைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. கிளாக்கின் அதிர்வெண்ணை அரை சதவீதம், விநாடிக்கு முப்பதாயிரம் தடவைக்கு மேல், வேண்டுமென்றே மேலும் கீழும் அசைப்பார்கள். யுஎஸ்பி 3.0-இலும் இது உண்டு. ஒரே இடத்தில் குவிந்திருந்த ஆற்றல் பரவிவிடும், சோதனைக் கருவியில் உச்சி தாழ்ந்து தெரியும். மொத்த இரைச்சல் அதே அளவுதான். தேவைப்படும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் திரும்பும் பாதையைச் சரிசெய்யாமல் இதை முதலிலேயே எடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இதற்கெல்லாம் விதிமுறை போடும் சர்வதேசக் குழுவான சிஸ்பிர் தொடங்கியது 1934-இல். மேட்டூர் அணை கட்டி முடித்த அதே வருடம். அன்றைக்குக் கவலை எல்லாம் வானொலி கேட்க முடியவில்லை என்பதுதான். பேரளத்துக்காரரின் புகாரும் அதேதான் என்று நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முறையான சோதனைக்கு சென்னை தரமணியில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சமீரின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு முன் வீட்டிலேயே பாதி தூரம் போய்விடலாம். கோஆக்சியல் ஒயரின் நுனியை உரித்து ஒரு சென்டிமீட்டர் வளையமாகச் சுருட்டி, மறுமுனையை ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிளில் (ரேடியோ அலைகளை லேப்டாப் திரையில் பார்க்க உதவும் சின்ன ரிசீவர்) மாட்டி, லேப்டாப்பில் செருகினால் போதும். வளையத்தைப் போர்டின் மேல் ஒரு விரல்கடை உயரத்தில் நகர்த்திக்கொண்டே போனால், இரைச்சல் பிறக்கும் இடத்துக்கு வரும்போது திரையில் கோடு எழும்பும்.

பேரளம் போர்டை நாலு லேயரில் மறுபடி வரைந்தேன். இரண்டாவது லேயர் முழுக்க ஒரே கிரவுண்ட், எங்கும் வெட்டு கிடையாது. மெமரி சிப் மைக்ரோகன்ட்ரோலரை ஒட்டி வந்தது. கிளாக் ட்ராக் பன்னிரண்டு மில்லிமீட்டர், தலையில் 33 ஓம். சென்சார் கனெக்டரில் ஒவ்வொரு கம்பிக்கும் கிரவுண்டுக்கு ஒரு சின்னக் கெபாசிட்டர். வளையத்தை வைத்துப் பார்த்தபோது 100 மெகாஹெர்ட்ஸில் இருந்த முள் அடித்தளத்தில் கரைந்துவிட்டது. 140-இல் மட்டும் ஒன்று லேசாகத் தலை நீட்டியது. நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில் அது ரிலே பக்கத்துக்குப் போகும் ஒரு நீள ட்ராக். கெபாசிட்டர் வைக்க அங்கே இடம் விட்டிருக்கவில்லை. அடுத்த போர்டில் விடுகிறேன்.